பெல்லோனி வண்டியும் கிணற்று இஞ்சினும்

உங்கள் ஜீப்பில் இரண்டாவது கியர் தேய்ந்துவிட்டது, இன்ஸ்பெக்டர் ஐயா. கணபதியிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு வரும்போதே கவனித்தேன். மேட்டில் கியர் மாற்றும்போது முனகுகிறது. இன்னும் இரண்டு மாதம் தாங்கும். அதற்குள் யாரிடமாவது காட்டிவிடுங்கள்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக எனக்குச் சோறு போட்டது இந்தக் காது. கணபதியில் எனக்கு ஒரு மோட்டார் பட்டறை இருந்தது; அது கைவிட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் கோயமுத்தூரில் யார் வண்டி வாங்கினாலும் வரதராஜுலு நாயுடுவைக் கூப்பிட்டுக் காட்டாமல் வாங்கமாட்டார்கள். இஞ்சினை ஓட்டச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். எது தேய்ந்திருக்கிறது, எது மாற்றியது, எது அசல் என்று சொல்லிவிடுவேன். "நாயுடு சொன்னாச் சரி" என்று அதோடு பேச்சை முடித்துவிடுவார்கள். எனக்குச் சொந்த வீடு இல்லை, பிள்ளை குட்டி இல்லை. இருந்தது அந்த ஒரு பேச்சுதான். அது போய்விட்டால் எனக்கும் மாட்டுச் சந்தைத் தரகனுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள். நடந்ததை நீங்கள் என் இடத்தில் நின்று பார்த்தால்தான் நியாயம் புரியும்.

கோவிந்தராஜுலுவை உங்களுக்குத் தெரியும், மில் முதலாளி. எங்கள் ஜனம்தான், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மகள் பங்காரம்மாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி கொடுக்க ஆசைப்பட்டார். புது வண்டிக்குப் பெயர் பதிந்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவோ லைசென்ஸ் கிடைக்காது. அப்போதுதான் நீலகிரித் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பப் போகிறார், வண்டியை விற்கிறார் என்று தகவல் வந்தது. சிவப்பு வண்டி, தரையோடு தரையாக, இரண்டே பேர் உட்காரலாம். மூக்கில் வெள்ளி வில்லை ஒன்று, அதில் பெல்லோனி என்ற பெயர். இத்தாலிக்காரன் வருஷத்துக்கு நாற்பது வண்டிக்கு மேல் செய்யமாட்டான் என்றார்கள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா நான் ரெண்டாவது யோசனையே பண்ணமாட்டேனுங்கண்ணா" என்றார் கோவிந்தராஜுலு.

நான் அதற்குமுன் பெல்லோனியைப் பார்த்ததில்லை. ஏதோ பத்திரிகையில் சாண் அகலப் படம் ஒன்று பார்த்திருந்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லி என் வாய்க்குப் பழக்கமில்லை. சுற்றி நான்கு மில்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மட்கார்டை விரலால் தட்டினேன். தகடு மாதிரிச் சத்தம் வரவில்லை, காய்ந்த சுரைக்குடுக்கையைத் தட்டியதுபோல் இருந்தது. இத்தாலிக்காரன் ஏதோ புதுச் சாமான் கண்டுபிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். பானெட்டைத் தூக்கினால் உள்ளே சின்ன இஞ்சின், பழைய மாடல். வண்டி கனமில்லாதபோது பெரிய இஞ்சின் எதற்கு என்று நினைத்தேன். ஒன்றும் தெரியாதவனாக இருந்தால் ஏன் இப்படி என்று கேட்டிருப்பான். தெரிந்தவன் கேட்கமாட்டான், தானே ஒரு பதில் வைத்துக்கொள்வான். கண்ணை மூடிக் கேட்டேன். பெல்லோனி என்று முன்பே சொல்லிவிட்டதால் காது பெல்லோனியைத்தான் கேட்டது.

"அசல்தானுங்க" என்றேன்.

இந்த அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதம் கல்யாணம். பந்தல் வாசலில் அந்த வண்டியை மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். பெண்ணைவிட வண்டியைப் பார்த்தவர்கள் அதிகம். பார்த்தவர்களுக்கெல்லாம் கோவிந்தராஜுலு என்னைக் காட்டி, "நாயுடு பாத்துச் சொன்ன வண்டி" என்றார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைப்பானேன், என் கல்யாணத்தில்கூட அவ்வளவு இருந்ததில்லை.

மணமக்கள் ஏறி வண்டி கிளம்பியபோது என் முழங்கையை யாரோ தொட்டார்கள். சரவணம்பட்டிக் காளிச்சாமிக் கவுண்டர். மில்லுக்குப் பருத்தி போடுகிறவர்.

"ஏனுங்க நாயுடு, இது நம்ம கெணத்து இஞ்சின் சத்தமாட்டவே இருக்குதுங்களே."

அவர் கிணற்றில் இருக்கும் இஞ்சினை வைத்தது நான்தான். எட்டு வருஷத்துக்கு முன் உடைந்துபோன ஒரு சின்ன ஃபோர்டு வண்டியிலிருந்து கழற்றி, பம்பு பூட்டி, மண்ணெண்ணெயில் ஓடும்படி செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து மனுஷன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்ததைவிட அந்த இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் அதிகம்.

"கல்யாணத்துக்கு வந்தும் கெணத்து நெனப்புத்தானுங்களா" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். வண்டி தெருமுனையில் திரும்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பந்தலைத் தாண்டிப் போனது. இந்தத் தடவை காது தானாகக் கேட்டது. அதே ஓட்டம், வேகத்தைக் குறைக்கும்போது அதே சின்ன விக்கல்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் சரவணம்பட்டிக்குப் போய்க் கிணற்றுமேட்டில் நின்று கேட்டேன். சந்தேகமே இல்லை. நான் கையால் பூட்டிய இஞ்சினை நான் அடையாளம் காணவில்லை, பருத்திக்காரர் கண்டுகொண்டார்.

காளிச்சாமிக் கவுண்டருக்கு ஒரே குஷி. "நாஞ் சொன்னனல்லங்க. இத்தாலிக்காரனும் நம்ம இஞ்சினத்தான் வெச்சிருக்கறான் பாருங்க. வெள்ளிக்கெழம பருத்தி கொண்டுட்டுப் போறப்ப மொதலாளிகிட்டச் சொல்லிப்போடறேனுங்க. மாப்பிள்ளைக்கு ஏதாச்சும் ரிப்பேருன்னா சாமான் நம்மூட்லயே கெடக்குதுங்களே."

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் கொடுமை. கேலி செய்கிறவனை அதட்டலாம், உதவி செய்யப் போகிறவனை என்ன செய்வது. "வேண்டாமுங்க, சொல்லாதீங்க" என்றேன். "ஏனுங்க, நல்லதுதானுங்களே" என்றார். ஏன் வேண்டாம் என்று அவருக்குப் புரியவைக்க வேண்டுமானால் நான் வண்டியைத் தவறாகப் பார்த்துவிட்டேன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். இந்த இஞ்சினை எடுத்துவிட்டு வேறு ஒன்று வைத்துத் தருகிறேன் என்றேன். நன்றாக ஓடுகிறதை எதற்குக் கழற்றுவது என்று கேட்டார்.

அந்த மூன்று நாள் நான் பட்ட பாட்டை என் எதிரியும் படவேண்டாம். சோறு இறங்கவில்லை. மனைவி அம்புஜம் காய்ச்சல் என்று நினைத்து மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். நானே கோவிந்தராஜுலுவிடம் சொல்லிவிடுவது என்று புதன்கிழமை மில் வாசல்வரை போனேன். வாசல்காரன் முக்காலியை விட்டு எழுந்து நின்றான். "வாங்க, மொதலாளி காத்தாலகூட உங்களப் பத்தித்தான் பெருமையாப் பேசிட்டிருந்தாருங்க" என்றான். அப்படியே திரும்பிவிட்டேன். சாலையோரம் ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஐம்பத்தொன்பது வயசு எனக்கு. பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன். எனக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு சரவணம்பட்டிக்குப் போனேன்.

நீங்கள் அந்தக் கிணற்றில் இறங்கிப் பார்த்தீர்கள். அறுபது அடி ஆழம். தண்ணீர் எட்டவேண்டும் என்பதற்காகப் பாதி ஆழத்தில் பாறையை வெட்டி மேடை செய்து இஞ்சினை அங்கே வைத்திருக்கிறது. அதன் புகையை ஒரு இரும்புக் குழாய் கிணற்றுக்கு மேலே கொண்டுபோய் விடும். காற்றோட்டம் இல்லாத இடம், புகை உள்ளே தங்கினால் ஆள் தாங்கமாட்டான். குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தில் இரண்டு நட்டு இருக்கிறது. இஞ்சின் இருமுகிறது, பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி இறங்கினேன். இரண்டையும் தளர்த்தினேன், குழாயை ஒரு விரற்கடை நகர்த்தினேன், மேலே ஏறி வந்தேன்.

வழக்கமாகக் கவுண்டர் இஞ்சினைக் கிளப்பிவிட்டு மேலே வந்துவிடுவார். அதனால், "கொஞ்ச நேரம் கிட்டவே உக்காந்து சத்தம் எப்பிடி இருக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க. உங்க காது நல்ல காதுங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்து இறங்கினார். முன்கூட்டியே திட்டமிட்டேனா என்று கேட்டீர்களே, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இஞ்சின் கிளம்பியது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அவர் மனைவி சென்னியம்மாள் எனக்குப் பித்தளைத் தம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல மோர், உப்பு அளவாகப் போட்டிருந்தாள். மஞ்சள் இந்த வருஷம் கிழங்கு நன்றாக இறங்கியிருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"எங்கூட்டுக்காரர இன்னும் காணோமுங்களே. நீங்க மோரக் குடிங்கண்ணா, நானு ஒரெட்டுப் போயிப் பாத்துப்போட்டு வாரேன்" என்றாள்.

அவளைத் தடுத்திருக்கலாம். நானும் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். போகாதே அம்மணி என்றால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்கு நான் என்ன பதில் சொல்வது. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, அவள் என் நினைப்பிலேயே இல்லை. சுவரைப் பிடித்தபடி கல்படியில் இறங்கினாள். நான் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கீழேயிருந்து ஒரு தடவை "ஏனுங்க" என்று கூப்பிடும் குரல் கேட்டது. அதற்குப் பிறகு இஞ்சின் சத்தம் மட்டும்தான். நன்றாகத்தான் ஓடியது. நீங்கள் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் ஒருவர்தான், அவள் தானாக இறங்கினாள்.

நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். மண்ணெண்ணெய் தீர்ந்து இஞ்சின் நிற்கும்வரை தண்ணீர் பாய்ந்திருக்கிறது. வரப்பு உடைந்து பக்கத்துக் காட்டுக்குள் போனதைப் பார்த்துத்தான் கவுண்டரின் தம்பி கந்தப்பன் கிணற்றுக்கு ஓடியிருக்கிறான். கிணற்றுப் புகையில் போய்விட்டார்கள் என்று ஊரார் அழுதார்கள். நானும் எழவுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பங்காரம்மாவை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பினார். மேட்டுப்பாளையத்தில் வண்டி நின்றுவிட்டது. அங்கே அக்பர் அலி என்று ஒரு மெக்கானிக். பானெட்டைத் தூக்கிய ஒரு நிமிஷத்தில் சிரித்துவிட்டாராம். இது பெல்லோனி இல்லை, சீமையில் தபாலில் எழுதிப் போட்டால் பெட்டியில் வரும் கூடு, பழைய ஃபோர்டு வண்டியின் உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டிலேயே இதைப் பூட்டிக்கொள்வார்கள், கண்ணாடி நாரில் செய்தது, வில்லை மட்டும் யாரோ வாங்கி ஒட்டியது என்றிருக்கிறார். சீட்டைத் தூக்கி, கூடு செய்த கம்பெனியின் சின்னத் தகட்டையும் காட்டியிருக்கிறார். நான் சீட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை.

கோவிந்தராஜுலு இதைச் சொல்ல என் வீட்டுக்கு வந்தார். காறித் துப்பப் போகிறார் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். "ஆனைக்கும் அடி சறுக்குமுங்கண்ணா, விடுங்க. மாப்பிள்ளைக்கு வண்டி புடிச்சுப்போச்சு. அது என்ன வண்டியா இருந்தா என்னங்க" என்றார். அம்புஜம் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். சரவணம்பட்டியில் அப்போது இரண்டு பேருக்கும் காரியம்கூட முடிந்திருக்கவில்லை. அவ்வளவு லேசாக முடிந்திருக்கக்கூடிய விஷயமா இது என்று ஒரு நாள் முழுக்க எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தேன்.

பிறகு கந்தப்பன் இஞ்சினைக் கழற்றப் போய், இரண்டு நட்டும் விரலால் சுற்றும்படி இருந்ததைப் பார்த்து உங்களிடம் வந்தான். நீங்கள் நல்ல மனுஷர். "வயசாயிப்போச்சு, இறுக்க மறந்துட்டேன்னு சொல்லுங்க நாயுடு, அது போதும்" என்றீர்கள். வக்கீல் சீனிவாசலுவும் அதையே சொன்னார், கவனக்குறைவு என்றால் சின்னத் தண்டனையோடு போய்விடுமாம். நேற்று அம்புஜம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடும்படி கும்பிட்டாள். ஊரிலும் பாவம் நாயுடு, மறந்துவிட்டார் என்றுதான் பேச்சாம்.

அந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. காதுக்கு இருந்த பெயர் மேட்டுப்பாளையத்தில் போய்விட்டது, போத்தனூர்வரை சிரிக்கிறார்கள். ஆனால் முப்பத்தெட்டு வருஷத்தில் என் கை தொட்ட ஒரு நட்டுகூட இறுகாமல் போனதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதி வைத்திருக்கும் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். சரியான அளவு ஸ்பேனரைப் போட்டு, ஒவ்வொன்றையும் நான்கு சுற்று, தெரிந்தேதான் தளர்த்தினான் என்று எழுதுங்கள். தூக்கு என்றாலும் கையெழுத்துப் போடுகிறேன். வரதராஜுலு நட்டை இறுக்க மறந்துவிட்டான் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.