பாட்டிலில் ஊற்றிய நல்ல தண்ணீர்

அறந்தாங்கியில் பஸ் ஏறிய இளம்பெண் மடியில் ஒரு பாட்டிலோடு அழுதுகொண்டே வந்தாள். பக்கத்தில் அவள் மாமியார்.

“அடியில கொஞ்சம்தான் கெடந்துச்சேன்னு நல்ல தண்ணி ரொப்புனேம்மா.”

“உப்புலயே வாழுற கிருமி அத்தை. நல்ல தண்ணி பட்டா வெடிச்சுரும். மூணு வருச ஆராய்ச்சி போச்சு.”

“மறுபடி அள்ளிக்கலாம்ல?”

“இத அள்ளுன உப்பளம் இப்ப எறால் பண்ணை ஆயிருச்சு.”

மாமியார் பாட்டிலை வாங்கி ஜன்னல் வெயிலில் பிடித்தார். “வெயில்தான் அதுக்குச் சோறுன்னியே?”

“வெளிச்சம் பட்டா அதோட தோல்ல இருக்குற புரதம், உள்ள இருக்குற மின்துகள வெளிய தள்ளும். அது திரும்ப உள்ள பாயுறப்பத்தான் சக்தி கெடைக்கும்.”

“இப்பத் தள்ளாதா?”

“புரதம் சாகல அத்தை. தோலுதான் கிழிஞ்சிருச்சு. உள்ள எது, வெளிய எதுன்னு இல்லாம எங்கிட்டுத் தள்ளும்?”

புதுக்கோட்டை வரும்வரை மாமியார் கையை இறக்கவில்லை.