சட்டை மாட்டாத சுவர்

கான்ட்ராக்டர்: …இல்ல கொத்தனாரே, ரசமட்டம் பொய் சொல்லாதுல்ல. உங்க வீட்டு இந்தச் சுவர்ல மூணு தரம் வெச்சுப் பார்த்துட்டேன். இம்மி கோணலில்லாம குமிழி நட்டநடுவுல தூங்குது.

கொத்தனார்: தூங்கட்டும். அதுக்கென்ன இப்போ?

கான்ட்ராக்டர்: அதுக்கென்னவா? என் சைட்டுல நீங்க கட்டின சுவர் தொப்பை தள்ளிக்கிட்டு நிக்குது. வீட்டுக்காரர் வந்து பார்த்துட்டு, இது விருந்து சாப்பிட்ட சுவரான்னு கேக்கறார்.

மனைவி: கட்டினவர் சாப்பிட்டுத்தான் கட்டினார். நடுவுல ஒரு தூக்கமும் உண்டு.

கொத்தனார்: நீ உள்ள போ.

மனைவி: எங்க போறது? பாதி வீட்டைத்தான் அடைச்சுட்டீங்களே.

கான்ட்ராக்டர்: நான் என்ன குறை வெச்சேன்? சிறந்த தொழிலாளின்னு உங்க போட்டோவை ஆபீஸ்ல மாட்டினேன்…

கொத்தனார்: மாட்டினீங்க. அந்தச் சுவரும் நான் கட்டினதுதான். மூணாம் நாளே என் மூஞ்சி தானா கோணிக்கிச்சு.

கான்ட்ராக்டர்: ஊக்கமாப் பேசறதுக்குன்னு கோட்டு போட்ட ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன்…

கொத்தனார்: அந்த ஆளா… கண்ணை மூடி மனசுக்குள்ள ஒரு மலையைப் பாருங்கன்னார். மூடினோம். கம்பி கட்டுறவர் மறுநாள் மத்தியானம்தான் கண்ணைத் திறந்தார்.

கான்ட்ராக்டர்: சீக்கிரம் முடிச்சா போனஸ்னு சொன்னேனே.

கொத்தனார்: சீக்கிரம் முடிச்சேனே. நேரா முடிக்கணும்னு நீங்க சொல்லவே இல்ல.

கான்ட்ராக்டர்: சரி… இந்தச் சுவருக்கு உங்களுக்கு யார் என்ன கொடுத்தா?

கொத்தனார்: யாரும் ஒண்ணும் கொடுக்கலை.

மனைவி: கொடுத்தாங்க. ஒரே ஒரு பேச்சு. சொல்லட்டுமா?

கொத்தனார்: வேணாம்.

மனைவி: இவர் அண்ணனும் கொத்தனார்தான், உங்களுக்குத் தெரியுமே. மாமனார் போனப்புறம் வீட்டை ரெண்டாப் பிரிச்சாங்க. நடுச்சுவரை நான் கட்டறேன்னு இவர் சொன்னார். ‘நீ கட்டுற சுவர்ல என் சட்டையைக்கூட மாட்ட மாட்டேன்’னு பெரியவர் சொன்னார். அதோட பேச்சு நின்னுச்சு. நாலு வருஷமா நடுவுல ஒரு துணித் திரைதான்.

கான்ட்ராக்டர்: ஒரு திரையை வெச்சுக்கிட்டா நாலு வருஷம் பேசாம இருந்தீங்க?

கொத்தனார்: நல்ல துணி அது.

மனைவி: அந்தப் பக்கம் பெரியவர் இருமினா, இந்தப் பக்கம் இவர் எழுந்து வெந்நீர் குடிப்பார். போன மாசம் திடீர்னு கொத்துக் கரண்டியைத் தூக்கினார். ஒரு நாளைக்கு ரெண்டே வரிக் கல்லு. ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்து, காதுல வெச்சுக் கேட்டு… என்னைக் கட்டிக்கிறப்பகூட இவ்வளவு உத்துப் பார்க்கலை.

கொத்தனார்: அப்பப் பார்த்திருக்கணும்.

கான்ட்ராக்டர்: ஆக, எல்லாம் வீம்பு. பேசாம உங்க அண்ணனை என் சைட்டுல சூப்பர்வைசராப் போட்டுடறேன். அப்ப எல்லாச் சுவரும் இப்படி…

கொத்தனார்: போடுங்க. நான் பெயின்ட் அடிக்கப் போறேன்… அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டுச்சா?

மனைவி: பார்த்தீங்களா. சுவர் முடிஞ்சு எட்டு நாளாச்சு. நல்லாருக்கு, நாசமாப் போச்சுன்னு பெரியவர் ஒரு வார்த்தை சொல்லலை. இவருக்குச் சோறு இறங்கலை.

கொத்தனார்: பசிக்கலை. அதான்.

மனைவி: கட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. தினமும் காலையில ஒரு சட்டி கலவை குழைக்கறார், சாயங்காலம் கொண்டுபோய்க் கொட்டறார். ஏன்னு கேட்டா, பழக்கமாம்.

கொத்தனார்: பழக்கம்தான்.

கான்ட்ராக்டர்: சரி, நான் கிளம்பறேன். ஆனா கொத்தனாரே… அந்த ஜன்னல் மூலையில, ஆள் உயரத்துல ஒரு கல்லு… கைவெச்சா ஆடுது.

கொத்தனார்: நீங்க எங்க கைவெச்சீங்க? வந்ததுலேருந்து இந்த மூலையை விட்டு நகரவே இல்லையே.

மனைவி: ஆமா… இங்கயேதான் நிக்கறீங்க.

கான்ட்ராக்டர்: நான் கைவெக்கலை…

கொத்தனார்: யார் சொன்னா?

கான்ட்ராக்டர்: உங்க அண்ணன்தான். தான் சொன்னதாச் சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பினார். காலையில முதல்ல அந்தப் பக்கம்தான் போனேன். ஒரு கையில ஆணி, இன்னொரு கையில சட்டையோட நின்னுக்கிட்டிருந்தார். ஆணியை வெச்சதும் கல்லு ஆடுச்சாம். ‘அந்த மடையன் கலவை வைக்க மறந்துட்டான், போய்ச் சொல்லுங்க’ன்னார்.

மனைவி: சட்டையோடவா?

கான்ட்ராக்டர்: சட்டையோடதான். இன்னும் கையில வெச்சுக்கிட்டுத்தான் நிக்கறார்.

கொத்தனார்: மறக்கறதா… அவர் கை போற உயரம் பார்த்துத்தான் அந்த ஒரு கல்லை மட்டும் கலவை இல்லாமச் செருகினேன். ஆள் விட்டுச் சொல்ற வேலையெல்லாம் வேணாம், நேர்ல வந்து திட்டச் சொல்லுங்க. சட்டியில இருக்கிற கலவை காயறதுக்குள்ள வந்தா நல்லது.