வலது கையால் கொடுத்த குச்சி

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கழுத்தில் மெடல், கால் நிறையப் புழுதி.

"ஏளா, இடது கையால குடுத்திருந்தா நாம தோத்திருப்போம்" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள். அதற்கப்புறம் நான் எங்கே தூங்க?

"பேசாத. ரிலே ரேஸ்னு மணப்பாட்டுலேர்ந்து தூத்துக்குடிக்கு நாலு பேரும் மாறி மாறி உயிரக் குடுத்து ஓடி வாரோம். நீ பழையகாயல்ல நடுரோட்டுல நின்னு, குச்சிய வலது கைக்கு மாத்தி எங்கிட்ட நீட்டுத. உன்னக் கொன்னுருப்பேன்."

"பொழுதன்னைக்கும் கடையில வலது கையாலயே சாமான் குடுத்த பழக்கம்ளா. இடது கை நீளவே மாட்டேங்கு."

"கோச் தலையில அடிச்சிக்கிட்டாரு."

"முன்னால போன டீம் என்ன ஆச்சு? அந்தப் புள்ள ஓடிக்கிட்டே இடது கையால நீட்டுனா. குச்சி நழுவி உப்பளத்து வாய்க்கால்ல விழுந்துட்டு. அவ இறங்கித் தேடுதா. நான் வெத்தல பாக்கு குடுக்க மாதிரி நின்னு குடுத்தேன். நீ பறந்துட்டல்லா!"

"பறந்தேன்ளா!" இருவரும் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கண்டக்டர் வந்தார். வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் டிக்கெட்டை நீட்டினார். ஜன்னலோரத்துக்காரி வாங்கவில்லை.

"அண்ணாச்சி, வலது கையால குடுங்க. ஜெயிச்சுட்டு வாரோம்."

அவர் மெடலைப் பார்த்தார். கம்பியை விட்டு, கையை மாற்றிக் கொடுத்தார். பஸ் பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. டிக்கெட் கீழே விழவில்லை.