நகவெட்டிச் சின்னத்தில் ஒரு நல்ல மனிதர்

எனக்கு ரசீது இல்லாமல் எதையும் வாங்கப் பிடிக்காது சார். புதுவாயல் கூட்டுரோட்டில் தள்ளுவண்டியில் வாழைப்பழம் வாங்கினால்கூடக் கேட்பேன். பழக்காரர் அரசப்பன் என்னைக் கண்டதும், "வந்துட்டாருப்பா பில்லு" என்று முனகுவார். பிறகு பீடிக்கட்டுக் காகிதத்தைக் கிழித்து 'அரை டஜன்' என்று எழுதிக் கொடுப்பார். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். என்னை ஒழுங்கில்லாத ஆள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

பெயர் வீரராகவன். கூட்டுரோட்டில் பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் அலுவலகம் வைத்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பொறியாளர்களும் சூப்பர்வைசர்களும்தான் என்னிடம் வருவார்கள். பிப்ரவரி சம்பளத்தில் வரிப் பிடித்தம் ஏறியதும் படியேறி வந்து, "இன்னா சார், இவ்ளோ புடிச்சா ஊட்டுக்கு இன்னாத்த எடுத்துகினு போறது" என்று அழாத குறையாக உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்தவர் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. சிறுவயதிலிருந்தே அப்படித்தான்.

அதனால் சட்டத்தைப் படித்தேன். ஒரு தனிநபர் ஓர் அரசியல் கட்சிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் நன்கொடை தரலாம். அதை வங்கி வழியாகத் தந்தால், பழைய முறையில் கணக்குக் காட்டுகிறவருக்கு அந்தத் தொகைக்கு வரி கிடையாது. ரொக்கமாகத் தந்தால் சலுகை இல்லை. அருமையான சட்டம். அதற்குத் தேவை ஒரு கட்சி மட்டும்தான். ஆகவே ஒன்றைப் பதிவு செய்தேன். உழைப்போர் ஒளிக் கட்சி. தலைவர் என் மாமியார் லட்சுமியம்மாள். அவருக்குக் கட்சி இருப்பது தெரியாது, நான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். பொருளாளர் நான்.

பொறியாளர்கள் கட்சிக் கணக்குக்குப் பணம் அனுப்புவார்கள். நான் அதை எடுத்து, நூற்றுக்கு ஆறு ரூபாய் கழித்துக்கொண்டு, மீதியை ரொக்கமாக அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். பணம் வங்கி வழியாக வர வேண்டும் என்கிறது சட்டம், வந்தது. திரும்பிப் போவதைப் பற்றி நான் படித்த பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆறு வருடம் ஒருவர் மனமும் நோகாமல் நடந்தது.

பிறகு ஒரு கடிதம் வந்தது. தொடர்ந்து தேர்தலில் நிற்காத கட்சிகளைப் பட்டியலிலிருந்து நீக்கப்போகிறார்களாம். எனக்குத் தூக்கம் போயிற்று. சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. யாரையாவது நிறுத்தி, டெபாசிட் இழக்கவைத்து, கட்சியைக் காப்பாற்ற வேண்டும்.

எபினேசரைத் தேர்ந்தெடுத்தேன். ஆரம்பாக்கத்துக்காரர். கம்பிகள் உருட்டும் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர். ஒருமுறை அவருக்கு வரிப் பணம் திரும்ப வந்தபோது, "சார், எனக்கு இவ்ளோ வராதே. எங்கியோ தப்பு நடந்துக்கீது, பாத்து திருப்பி கட்டிடுங்க" என்று படியேறி வந்து நின்றார். அப்படிப்பட்டவர் தன் கணக்கைத்தான் சந்தேகப்படுவார். அடுத்தவர் கணக்கைக் கேட்கமாட்டார். மாமியாருக்குக் கை நடுங்குகிறது என்று சொல்லி அவரையே கட்சித் தலைவராகவும் ஆக்கினேன். தேர்தல் செலவுக்கு என்று ஒரு காசோலைப் புத்தகம் முழுக்கக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். போடும்போது பேனாவை உதறி உதறி, அழகாகத்தான் போட்டார்.

கிடைத்த சின்னம் நகவெட்டி. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையில் ஒரு நகவெட்டியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வள்ளூர் அனல்மின் நிலையத்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் பக்கத்துத் தொகுதி என்று சொன்னாலும் கேட்காமல் அவர்களிடமும் போய்ப் பேசினார். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களின் கையைப் பிடித்து நகம் வெட்டிவிட்டார். இது வாக்காளருக்குத் தரும் சலுகையில் சேருமா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவர் பின்னால் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

கூட்டம் சேர்ந்ததோடு, காசும் கொடுத்தது. யாரும் கேட்காமலே பத்து, இருபது, ஐம்பது என்று நீட்டினார்கள். ஆறு வருடமாக நன்கொடை வாங்குகிற கட்சியில், திருப்பிக் கேட்காத நன்கொடையை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன் சார், பொறாமையாக இருந்தது.

அதோடு நின்றிருந்தாலும் பொறுத்திருப்பேன். ஒரு நாள் மாலை வந்து சொன்னார்:

"சார், நம்ம கட்சிக்கு முன்னாடியே நெறைய பேரு டொனேஷன் குடுத்துகிறாங்களாமே. நேர்ல போயி ஒரு தேங்ஸ் சொல்லிக்கினு வந்தா மரியாதையா இருக்கும்ல?"

வேண்டாம் என்றேன். பெரிய மனிதர்கள் விளம்பரம் விரும்பமாட்டார்கள் என்றேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். எங்கேயோ விசாரித்து, அன்புராஜ் என்ற பொறியாளர் வீட்டுக்குக் கதம்பமாலையோடு போய்விட்டார். கதவைத் திறந்த மனைவி நர்மதா, "எங்க ஊட்டுக்காரரா? புள்ளைக்கு ஷூ வாங்கவே மூணு மாசம் யோசிப்பாரு. அவரு கட்சிக்கு ரெண்டு லட்சம் குடுத்தாரா?" என்று கேட்டிருக்கிறார். அன்று இரவு அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே அன்புராஜ் என் அலுவலக வாசலில் நின்றிருந்தார்.

எபினேசர் மீதி மாலைகளுக்கும் ஆர்டர் கொடுத்திருந்தார். அவர் இன்னும் நாலு வீட்டுக் கதவைத் தட்டினால் என் கதவை வருமான வரித்துறைக்காரர்கள் நீங்கள் தட்டுவீர்கள். மனைவி இருக்கிறாள், கல்லூரியில் படிக்கிற பெண் இருக்கிறாள். அவர் வேறு வேலையில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

வழியை ஜோதிலட்சுமி கொண்டுவந்தார். கார் வயர் கட்டும் கம்பெனியில் பெண்கள் லைனுக்கு அவர்தான் லீடர். அந்த லைனில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் எல்லோரும் காசு போட்டு, மொத்தமாக ஒரே பேரில் மொய் எழுதுவது வழக்கம். மண்டபத்தில் மைக்கில் 'ஜோதிலட்சுமி, பதினைந்தாயிரம்' என்று வாசித்தால் அது முப்பது பெண்களின் பணம் என்பது கேட்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அதே பழக்கத்தில் பதினெட்டாயிரத்தைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தார்.

"செட்டு சார்பா என் பேரையே போட்டுக்குங்க சார். ஒவ்வொருத்தி பேரா எழுதிகினு இருந்தா பஸ்ஸு போயிடும்" என்றார்.

எபினேசருக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் என்னைப் பார்த்து, "ரூல்ல ஒன்னும் பேஜாரு வராதே சார்?" என்று கேட்டார்.

வரும் என்று எனக்குத் தெரியும். வேட்பாளர் ஒரே ஆளிடமிருந்து பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. முப்பது பேரையும் தனித்தனியாக எழுதினால் பிரச்சினையே இல்லை. அதற்கு அரை மணி நேரம் ஆகும். அடுத்த பேருந்து பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

"நான் இருக்கேன்ல" என்றேன். ஒரே பேரில் ரசீது எழுதினேன். எபினேசர் கையெழுத்துப் போட்டார். அவர் ஜோதிலட்சுமியைப் பேருந்து ஏற்றிவிடப் போன சமயத்தில் ரசீதின் அடிக்கட்டையைப் படம் எடுத்து, பெயரில்லாமல் தேர்தல் புகார் எண்ணுக்கு அனுப்பினேன். சட்டத்தை மதிக்கும் குடிமகன் செய்ய வேண்டியதுதானே சார்.

பறக்கும் படை அன்றைக்கே வந்துவிட்டது. இவ்வளவு வேகத்தை நானே எதிர்பார்க்கவில்லை. எபினேசர் அது முப்பது பேர் பணம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை பெண்களையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், கம்பெனியில் சீட்டுக் கிழித்துவிடுவார்கள் என்று பயந்து, "நான்தான் வாங்குனேன், தப்பு என்னுதுதான்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஆலையில் அவரை நிறுத்திவைத்தார்கள். 'நகவெட்டி இல்ல, பாக்கெட் வெட்டி' என்று சுவரில் எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. நகம் வெட்டிக்கொண்ட கிழவர்கள்கூட எதிரே வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சர்ச்சில் கொஞ்ச நாள் பாட வேண்டாம் என்றார்களாம். அதற்குத்தான் ரொம்ப அழுதார் என்று அவர் மனைவி விக்டோரியா சொன்னார்.

நான் கணக்குப் போட்டதில் ஒரு பிழை. அந்தப் பதினெட்டாயிரத்தைத் தேடி வந்தவர்கள் கட்சியின் வங்கிக் கணக்கையும் திறந்து பார்த்துவிட்டார்கள். லட்சம் லட்சமாக வந்ததும் ரொக்கமாகப் போனதும் தெரிந்துவிட்டது. கடைசி ஐந்து மாதக் காசோலைகள் எல்லாவற்றிலும் கையெழுத்து எபினேசருடையது. பழைய காசோலைகளில் மாமியார் கையெழுத்து. அவர் தை மாதமே காலமாகிவிட்டார். இப்படி ஏதாவது வரலாம் என்றுதான் எபினேசரிடம் புத்தகம் முழுக்க முன்கூட்டியே கையெழுத்து வாங்கினேன். மறைக்க இனி ஒன்றுமில்லை. அன்புராஜ் உங்களிடம் எல்லாம் சொல்லியிருப்பார். ஆமாம், கட்சி என்னுடையது, பணம் எடுத்தது நான், புகார் அனுப்பியதும் நான். எபினேசர் புழல் சிறையில் இருப்பதும் என்னால்தான்.

போன வாரம் விக்டோரியா படியேறி வந்தார். வக்கீல் செலவுக்குக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, காசோலைப் புத்தகத்தை எடுத்துவிட்டேன். ரொக்கமாகத் தர மனம் வரவில்லை. அவர் உட்காரவில்லை.

"டப்பு கேக்க வர்ல சார். அந்த ரசீது புக்கு ஒங்க ரெண்டு பேர் கையில மட்டும்தான் இருந்துச்சு. போட்டோ எடுத்தது யாருன்னு அவருக்கு அன்னைக்கே தெரியும். 'அவருக்கு காலேஜ் படிக்கிற பொண்ணு இருக்குது, நீ யார்கிட்டயும் சொல்லாத'ன்னாரு. அத சொல்லிட்டு போலாம்னுதான் வந்தேன்" என்றார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போனார்.

யாரும் எபினேசரைக் கட்டாயப்படுத்தவில்லை சார். பதிலுக்கு அவர் எதுவும் கேட்கவுமில்லை. தன் விருப்பத்தோடு, எதையும் எதிர்பார்க்காமல் கொடுப்பதற்குச் சட்டத்தில் நன்கொடை என்றுதான் பெயர். வாங்கிக்கொண்டேன்.