ஈரப் புடவையும் இலங்கையும்

ஊரிகம் ஸ்டேஷனில் நான் ரயில் ஏறியதும் எதிர் சீட்டுக்காரர் மனைவியிடம், "உன் புடவை காயற கம்பியிலதான் இலங்கைக்காரன்கிட்ட பேசினேன்" என்றார். போலீஸ் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன்.

"லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்குக்குப் பேசற ஹாம் ரேடியோதானே, அதுக்கு இன்னா ரகசியம்?" என்றார் அந்தம்மா. "நைட் லாம்பு அளவுக்குக்கூட பவர் இல்லாத டப்பா."

"நானே சால்டர் வெச்சு செஞ்ச டப்பா. மூணு மாசமா யாருக்கும் கேக்கல. ஏரியல் கம்பியில உன் ஈரப் புடவை விழுந்ததும் இலங்கையே கேட்டுச்சு. அதான் எடுக்காதன்னேன்."

"நாளைக்கு என் தம்பி கல்யாணத்துக்கு இன்னா கட்டிக்கினு போறது?"

"சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினதும் ஜப்பான் கெடச்சிடும். அப்புறம் எடுத்துக்கோ."

"காலையிலயே எடுத்துட்டேன். கம்பியில அதுக்கு பதிலா உங்க லுங்கியதான் போட்டிருக்கேன்."

 அவர் கவலையாகக் கேட்டார்:

"நல்லா ஈரமாத்தானே போட்ட?"