மாடு படாத துண்டு

அலோ... அலோ, சார், நான் ஹாஜிரா பேசறேங்க. பாப்பிரெட்டிப்பட்டி போஸ்டாபீஸ்ல இருந்து... ஹாஜிரா சார். மேய்ச்சல் நில ஆராய்ச்சி... ஆமாங்க, ஆமாங்க.

சார், போச்சுங்க... வேலி போட்டு வெச்சிருந்தோமே, ரெண்டு வருசமா மாடே கால் வைக்காத துண்டு, அது போச்சு... தீ இல்லைங்க. மாடு. நான் தருமபுரி வூட்டுக்குப் போயிருந்த மூணு நாள்ல, ஊர் மாட்டை எல்லாம் உள்ள அடைச்சுப் பட்டி போட்டுட்டாங்க... எண்பது இருக்கும்ங்க... சாணியா? கால் வைக்க இடமில்லை.

இல்ல, இல்ல, வேலியை உடைக்கலை. வாசப் படலை அவுத்து மாட்டை உள்ள விட்டு, திரும்பக் கட்டியும் வெச்சிருக்காங்க. ஒழுங்கா. அதான் அழுகையா வருது.

...வாயு பிடிக்கற டப்பாவை மண்ணு மேல கவுத்துப் பார்த்தேன் சார். எதை அளக்கறது? மேயற துண்டுல மண்ணுல இருந்து எவ்வளவு வாயு வருது, மேயாத துண்டுல எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே எப்படிக் குறைக்கறதுன்னு சொல்ல முடியும்? இப்ப ரெண்டும் ஒண்ணு!

...கத்தலைங்க. லைன் அப்படி... சரி, கத்தினேன்.

...பகையா? ஐயோ, இல்லைங்க. நமக்கு நல்லது பண்ணியிருக்காங்க. மத்தவங்க நிலத்துல சாணி உரத்துக்குப் பட்டி போட்டா, கூலியாக் கம்பு, ராகின்னு வாங்கிக்குவாங்க. நமக்கு இனாம். மாட்டுக்காரர் சென்றாயண்ணன் வந்து சிரிச்சுக்கிட்டே, 'அடுத்த மழைக்குப் பாரு பாப்பா, கருகருன்னு வரும்'ங்கிறாரு. அந்த மனுசங்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல?

...என்ன எழுதறீங்க?... பேரா? எதுக்குங்க?... சார், ஃபாரஸ்டுக்கு எழுதினா கரட்டுக் காட்டுப் பக்கமே மாட்டை விட மாட்டாங்க. அவங்க எங்க போவாங்க?... விதி தெரியும்ங்க... தெரியும். யார் தப்புன்னு அறிக்கையில ஒரு பேரு வேணும்...

அக்கா, இன்னொரு மூணு நிமிசம் குடுங்க... உங்களை இல்லை சார், எக்ஸ்சேஞ்ச்ல.

சார், கேளுங்க. போன மாசம் காசியம்மாக்கா மாடு ஓட்டிக்கிட்டு வேலியோரம் வந்தாங்க. நான்தான் சொன்னேன். 'எங்க புல்லு மட்டும் மஞ்சளாப் போய்க் கெடக்கு, பார்த்தா பாவமா இருக்குக்கா'ன்னு. சும்மா ஒரு பேச்சுக்கு... ஆமா, அவ்வளவுதான். அதுக்குத்தான் எண்பது மாடு.

...சொல்லலைங்க. சாணி ஏன் படக் கூடாதுன்னு ரெண்டு வருசத்துல ஒரு நாள் உக்காந்து சொல்லலை. 'உள்ளே வரக் கூடாது'ன்னு போர்டு வெச்சேன். படிக்கத் தெரியுமான்னுகூடக் கேக்கலை. வாய் தொறந்தது அந்த ஒரு வாட்டிதான்... இல்ல, இப்ப உங்ககிட்டயும் தொறந்து அவர் பேரைச் சொல்லிட்டேன்.

...வேலை போனா போகட்டும். பேனா கையில இருக்கா? எழுதுங்க, ஹாஜிரா... ஆமா, நான்தான்... சார், அந்தப் பேரை அடிங்க. சென்றாயன்கிறதை. அடிச்சிட்டீங்களா?

...சார்? அடிச்சிட்டீங்களா?

...அலோ?