வேலிக்கு அந்தப் பக்கம்

— இந்த மேப்பப் பாருக்கா. சிவப்புக் கோடு எங்க நிக்குது? நம்ம காட்டு வேலியோட நிக்குது. பதினாலு ஏக்கர்ல ஒரு செடி மேல கை வைக்க மாட்டாங்களாம். கேச வாபஸ் வாங்குனா போதும்னு கம்பெனிக்காரன் எழுதியே குடுத்துட்டான்.

— வேலிக்கு அந்தப் பக்கம் இன்னா பண்ணுவானாம், எளவரசா?

— கரி தோண்டுவான். அது அவன் பாடு. நாம கேசு போட்டது நைனா வளத்த காட்டுக்காகத்தான?

— ஜெனிபரு, நீதான மனு எழுதுன வக்கீலு. மொதப் பக்கத்துல இன்னா இருக்குதுன்னு இவனுக்குப் படிச்சுக் காட்டு.

— "இந்தச் சுரங்கம், அரசியல் சாசனம் மக்களுக்குத் தந்திருக்கும் உயிர் வாழும் உரிமையைப் பறிக்கும்"னு இருக்குதுக்கா.

— காடு எங்க வருது?

— ஆறாவது பக்கத்துல. மரம், குருவின்னு மட்டும் போனா வலு பத்தாது, மனுஷங்க உரிமைன்னு போவோம்னு நான்தான் சொன்னேன்.

— அது ஒரு வழிக்காக எழுதுனது மேடம். அதான் இப்ப வழி கெடச்சிடுச்சே.

— வழிக்காகவா? அப்ப நம்மள நம்பி வாக்குமூலம் குடுத்த நாப்பத்திமூணு பேரு? வூடு வூடா ஏறி எறங்குனது நானு. நாகம்மா கைரேகை வெக்கவே பயந்தா. "எங்க காட்டுக்காக இல்லடி, உன் கெணத்துக்காக வையி"ன்னு சொன்னேன்.

— அவங்களுக்கு நஷ்டஈடு வரும்க்கா.

— முந்நூறு அடிக்குப் பள்ளம் எடுத்து, நிலத்தடித் தண்ணிய மோட்டார் போட்டு எறைச்சிக்கினே இருப்பான். கெணறு வத்துனா நாகம்மா நஷ்டஈட்டையா மொண்டு குடிப்பா? போன மே மாசம் நூறு நாள் வேலையில வெய்யில் தாங்காம விழுந்தாளே ராஜம்மா, எந்திரிச்சாளா? அவ புருஷனும் அந்த நாப்பத்திமூணுல ஒருத்தரு. கரி எரிய எரிய இந்த வெய்யிலு இன்னும் ஏறும்னு அவருக்கு எடுத்துச் சொன்னதே நான்தான்.

— ஒலகத்து வெய்யிலுக்கெல்லாம் நாமளாக்கா பொறுப்பு? டென்ஷன் ஏத்தாத. நைனா கொடம் கொடமா சொமந்து ஊத்தி வளத்தாரு. கடைசி மாசம் ஆஸ்பத்திரியே வாணாம்னு அந்த உசிலை மரத்தடியிலதான் கட்டில் போட்டுப் படுத்தாரு. அங்க புல்டோசர் ஏறுறத நான் நின்னு பாக்கணுமா?

— எனக்கு மட்டும் வயிறு எரியாதா? ஆறுமணிக்குருவி வர்ற மாசத்துல அதுங்க சத்தத்துக்கு நானும்தான் காத்துக்கெடக்கறேன்.

— அப்புறம் இன்னாத்துக்கு அடம்? தோத்தா காடும் போவும், ஊரும் போவும். இப்ப காடாவது மிஞ்சும்.

— சுத்தியும் பள்ளம், நடுவுல நம்ம காடு. நாகம்மா வூட்டத் தாண்டித்தான காட்டுக்குப் போவோம்? அவ வூடே இல்லாத எடத்துல நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நடப்பேன்? தோக்குறதுன்னா அவங்களோட நின்னு தோத்துட்டுப் போறேன்.

— ஜெயக்கொடியக்கா, ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. மனுதாரர் நீங்க ரெண்டு பேரு. ஒருத்தர் விலகுனாலும் இன்னொருத்தர வெச்சு கேசு நடக்கும்.

— அப்ப முடிஞ்சுது. வாபஸ் பேப்பர்ல நான் கையெழுத்துப் போடல. எழுந்து வாடா. இன்னிக்கு செஞ்சிக் கோட்டைய சுத்திப் பாக்க வந்த கூட்டம் திரும்புச்சுன்னா ஸ்டாண்டுல நமக்கு பஸ்ல எடம் கெடைக்காது.

— அக்கா... நான் போட்டுட்டேன்.

— இன்னா?

— நேத்தே, திண்டிவனத்துல வெச்சு. உன்ன ஒத்துக்க வெச்சிடலாம்னு நெனச்சேன். அஞ்சு பைசா கை நீட்டி வாங்கலக்கா. காடு நிக்கணும்னுதான் போட்டேன்.

— வாங்கியிருக்க மாட்ட. அது எனக்குத் தெரியும்.

— திட்டவாவது செய்யேன்க்கா.

— ஜெனிபரு, இவன் பேரு இனிமே மனுவுல எங்க வரும்?

— நம்ம பக்கத்துலேர்ந்து எடுத்துடுவாங்கக்கா. காட்டுல அவருக்கும் பங்கு இருக்கறதால எதிர்மனுதாரரா மாத்தச் சொல்லிக் கேக்கலாம். கம்பெனியோட, அரசாங்கத்தோட அவரும் பதில் சொல்லணும். ஆனா, அவர் உங்க தம்பி. யோசிச்சு சொல்லுங்க.

— தம்பிதான். கோதண்டராமன் மகன் இளவரசன்னு தெளிவா எழுது. கம்பெனி பேருக்குக் கீழ.